கூறைச் சட்டைக்கு நான் எழுதிய அளவு

சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்தெருவில் நாற்பது வருடத்துக்குக் கிட்டத் தையல் கடை நடத்தினேன். அந்தக் கடையை இப்போது நடத்துகிற நீங்கள் மூவரும், பழக வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்ட ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். வெட்டுவதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. அது கையில் வருவது. உங்களில் ஒருத்திக்கு என்னைவிட நன்றாகவே வருகிறது. அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு. நான் எழுத நினைத்தது அளவு எழுதுவதைப் பற்றி. ஒரு தடவை பொய் அளவு எழுதினேன். பிறகு, தெரிந்த உண்மையை ஒரு தடவை சொல்லாமல் விட்டேன். இரண்டும் ஒரே பிள்ளைக்குச் செய்தவை.

எங்கள் தொழிலில் சின்னப் பொய்கள் சாதாரணம். இடுப்பில் அளவெடுக்கிற ரேப்பைப் போட்டு, வந்தவள் முகம் சுருங்குவதைக் கண்டதும் "போன முறை மாதிரித்தான் இருக்கு" என்று சொல்லுவோம். கொப்பியில் எழுதுவது உண்மை அளவு, வாயால் சொல்லுவது அவளுக்குப் பிடித்த அளவு. இதனால் யாரும் கெட்டுப்போனதில்லை, ஏனென்றால் வெட்டுவது கொப்பியைப் பார்த்துத்தான். எனக்குத் தொழில் பழக்கிய ரீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்தவர். சின்ன மனுசி, பெரிய கோபம். யாராவது துண்டுத் தாளில் அளவு எழுதி அனுப்பினால் அந்தத் துண்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். "ஆள் வரட்டும், நான் பார்க்கவேணும்" என்பார். அப்போது அது பிடிவாதம் என்று நினைத்தேன். நான் ஒரு தடவை துண்டு எழுதி அனுப்பினேன். அதுதான் இந்தக் கதை.

அந்தப் பிள்ளையைச் சுபா என்று சொல்லுகிறேன். உண்மைப் பெயர் அதல்ல. தென்மராட்சியில் தோட்டம் செய்கிற சைவக் குடும்பம். தகப்பன் இல்லை, தாய் மட்டும். சுபா வங்கியில் வேலை செய்தாள். கொஞ்சம் உருண்டையான, சிரித்தபடி கதைக்கிற பிள்ளை. மாப்பிள்ளை கனடாவில். இவள் படத்தை அவனும் அவன் படத்தை இவளும் பார்த்து, போனில் கதைத்துக் கதைத்துப் பிடித்துப்போய், கார்த்திகையில் கலியாணம் என்று நிச்சயமாகியிருந்தது.

ஆடி மாதம் தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். கூறைச் சேலையும் அதற்கான சட்டையும் மாப்பிள்ளையின் தமக்கை பொறுப்பு. சட்டையைச் சென்னையில் கொடுத்து, முதுகும் கையும் நிறைய ஆரி வேலை போடுவித்து எடுக்கப்போகிறாள். அதற்கு அளவு அனுப்பவேண்டும். நான் அளவெடுத்துக் கொப்பியில் எழுதினேன். பிறகு அனுப்புவதற்கென்று ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன். தாய் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ரெண்டு அங்குலம் குறைச்சு எழுதுங்கோ."

"ஏன் தங்கச்சி? சட்டைக் கொக்கி பிறகு கொளுவாது."

"நாலு மாதம் கிடக்குத்தானே. மெலிஞ்சிடுவாள். அந்த அளவு கனடாவிலை போய் எல்லாரும் பார்க்கப்போகினம். அவையின்ரை வீட்டிலை எல்லாரும் ஒல்லி."

நான் சுபாவைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "எழுதுங்கோ அன்ரி, நான் மெலிவன்" என்றாள். நான் சிரித்துக்கொண்டே எழுதினேன். நெஞ்சளவில் இரண்டு அங்குலம், இடுப்பில் இரண்டு அங்குலம், கையில் அரை. கடையின் முத்திரையையும் குத்திக் கொடுத்தேன். இருபது வயதுக்காரியா நான்? தொழில் தெரிந்த ஒருத்தி முத்திரை குத்தி அனுப்பிய தாளை யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஒரு தாயின் முகத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

ஆவணி முடிவில் வேறு சட்டைகள் தைக்கச் சுபா தனியாக வந்தாள். ரேப்பைப் போட்டேன், ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தது. எனக்கும் சந்தோசம். என்ன செய்தாய் என்று கேட்டேன். பதினாறு மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்து, மிச்ச எட்டு மணித்தியாலத்துக்குள் மட்டும் சாப்பிடுகிறதாம். போனில் ஒரு குழு இருக்கிறதாம், எல்லோரும் அதில் நேரத்தைப் போட்டு ஒருவரை ஒருவர் உற்சாகப்படுத்துகிறார்களாம்.

"நானும் விடியத் தேத்தண்ணியோடை கடைக்கு வந்து பின்னேரம் நாலு மணிக்குத்தான் சோறு தின்னுறன். எனக்கு ஏன் உது வேலை செய்யேல்லை?" என்று பகிடி விட்டேன்.

"நீங்கள் இடையிலை ரோல்ஸ் சாப்பிடுறியள் அன்ரி" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அப்படிச் செய்து மெலிந்தவர்கள், ஒரு குறையும் இல்லாதவர்கள், எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அதனால் நான் அதைப் பழுதாகப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அந்த முறையைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை, நான் டொக்டர் இல்லை. ஆனால் எங்கே நிறுத்தவேண்டும் என்று சுபா தன் உடம்பைக் கேட்காமல்தான் அதைத் தொடங்கினாள். அவள் போய்ச் சேரவேண்டிய இடத்தை நான்தான் தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஐப்பசியில், கந்தசஷ்டிக்கு ஒரு கிழமை முன்னதாக, சட்டை வந்து சேர்ந்தது. அவ்வளவு அழகான வேலையை நான் அதற்கு முன் கையில் பிடித்ததில்லை. முதுகு முழுக்கத் தங்க இழையில் மயில். போட்டுப் பார்த்தோம். கொக்கி கொளுவவில்லை, இரண்டு விரல் இடைவெளி. ஆரி வேலையில் துணி இழுபட்டு, நான் எழுதிய அளவைவிடவும் இறுகியிருந்தது. உள்ளே பிரித்துவிட ஏதாவது துணி விட்டிருக்கிறார்களா என்று புரட்டினேன். ஒரு நூல் அகலம்கூட இல்லை, ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு தையல்காரி என்ன செய்வாள் என்று உங்களுக்குத் தெரியும். கக்கத்தின் கீழே இரண்டு பக்கமும் அதே நிறத்தில் ஒரு துண்டு வைத்துப் பொருத்துவாள். கையைத் தூக்கினால் ஒழியத் தெரியாது. ஒரு பின்னேர வேலை. நான் சொன்னேன். தாய் ஒத்துக்கொள்ளவில்லை.

"மாப்பிள்ளையின்ரை தமக்கைதான் சட்டை போட்டுவிடுறது. பார்த்தவுடனை தெரிஞ்சிடும். அளவிலை ஏமாத்தினது எண்டு நினைப்பா."

"ஒட்டுப் போடாதேங்கோ அன்ரி," என்றாள் சுபா. "ரெண்டு விரல்தானே. சஷ்டியும் வருது."

கொப்பியில் எழுதுவதற்காக இன்னொரு முறை அளவெடுத்தேன். கை குளிர்ந்து கிடந்தது. ரேப்பை எடுத்தபோது அதோடு ஒரு கொத்துத் தலைமயிர் வந்தது. முதுகில் நாரி எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. "பிள்ளை, எத்தினை மணிக்குச் சாப்பிடுறனீ இப்ப?" என்று கேட்டேன். "நாளுக்கு ஒருக்கால்தான் சாப்பிடுவன் அன்ரி," என்றாள். பதினாறு மணித்தியாலம் எப்போதோ இருபதாகி, இருபதையும் தாண்டிவிட்டது என்று அவள் கண்ணைப் பார்த்தே விளங்கியது.

இனி நடந்ததுதான் வெளியூர்க்காரருக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாதது. கந்தசஷ்டி ஆறு நாளும் எங்கள் பக்கத்தில் எத்தனையோ சைவப் பெண்கள் பாலும் பழமும் இளநீரும் மட்டும் எடுத்து விரதம் இருப்பார்கள். கலியாணம் ஒப்பேற வேண்டும் என்று குமர்ப்பிள்ளைகளும் இருப்பார்கள். அந்த ஆறு நாளும் சுபா பச்சைத்தண்ணீரும் வெறுந்தேத்தண்ணீரும்தான் குடித்தாள். கோயிலில் எல்லோரும் அவளைக் காட்டிக் காட்டி மெச்சினார்கள். சூரன்போர் முடிந்து, பாறணையும் முடிந்து, மற்றவர்கள் சோறு சாப்பிட்டார்கள். அவள் கலியாண நாள் வரைக்கும் விரதத்தை நீட்டிப் பிடிக்கிறேன் என்று நேர்த்தி சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு யார் கேட்பார்கள்? பட்டினி கிடக்கிறாள் என்று சொன்னால் தாய் அடித்தாவது சோறு தீத்தியிருப்பாள். விரதம் என்றால் தாயும் கும்பிடுவாள்.

நான் வேதக்காரி, தேவாலயத்துக்குப் போகிறவள். சைவப் பிள்ளையின் விரதத்தைப் பற்றி நான் வாய் திறப்பதா? வாடிக்கையாளர்களில் முக்கால்வாசி சைவர்கள். அவர்களுடைய கோயில் காரியத்தில் தலையிடாமல் இருந்ததால்தான் அத்தனை வருடம் அந்தத் தெருவில் மதிப்போடு இருந்தேன். இதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். பயம் என்று இப்போது சொல்லுகிறேன்.

விரதம் முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு வந்தாள். சட்டை கொளுவியது. கொளுவியது மட்டுமல்ல, பக்கங்களில் தொளதொளத்தது. நான் குண்டூசி குத்திப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்றவள் ஓடிப்போய் முற்றத்தில் சத்தி எடுத்தாள். பச்சைத் தண்ணீர்தான் வந்தது. தாய் முதுகைத் தடவிக்கொண்டு, "விரத வயிறு அக்கா, பித்தம்" என்றாள். நான் கொப்பியில் நாலாவது வரியை எழுதினேன். நாலு வரியும் திகதியோடு ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. ஒரு உடம்பு அத்தனை கெதியாக அப்படிக் கரையக்கூடாது என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்த எந்தத் தையல்காரிக்கும் விளங்கும். நான் பக்கத்தைப் புரட்டிவிட்டு, எத்தனை நாளில் சட்டை வேண்டும் என்று கேட்டேன்.

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது சுபா குளிக்கப் போன இடத்தில் விழுந்தாள். ஊரில் கதை பரவக்கூடாது என்று தாய் அவளை நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, சத்தி என்று சொல்லிச் சேர்த்தாள். சேலைன் ஏற்றினார்கள். அன்றைக்குத்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியிருந்தார்கள். தாய் எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, ஆரும் கேட்டால் அந்த அளவுக் கதையைக் கதைக்காதேங்கோ. உங்களைக் கும்பிட்டன்."

அடுத்த நாள் பார்க்கப் போனேன். கைப்பையில் அளவுக் கொப்பியை வைத்துக்கொண்டுதான் போனேன். ஏன் வைத்தேன் என்றால், காட்டவேண்டும் என்று மனதின் ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே இருந்தது. சுபா என்னைக் கண்டு சிரித்தாள். "அன்ரி, உங்களுக்கு ரெண்டு தலை தெரியுது" என்றாள். நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

டொக்டர் வந்தார். இளம் ஆள். தாளைப் பார்த்தபடி கேட்டார்.

"இதுக்கு முதல் சாப்பாடெல்லாம் ஒழுங்கோ? மெலியிறதுக்கு ஏதும் செய்தவவோ? விரதம் ஏதும்?"

கட்டிலின் மற்றப் பக்கத்தில் மாப்பிள்ளையின் தமக்கை நின்றாள். தாய் அவளைப் பார்த்துவிட்டு, "இல்லை டொக்டர், நல்லாச் சாப்பிடுவாள்" என்றாள். சுபாவும் தலையாட்டினாள். டொக்டர் என்னையும் பார்த்தார். வீட்டு ஆள் என்று நினைத்திருப்பார். கொப்பி என் மடியில் பைக்குள் இருந்தது. திறந்து காட்ட ஒரு நிமிடம் போதும். காட்டினால் இந்தக் கலியாணம் இந்தக் கட்டிலடியிலேயே குழம்பும். என் முத்திரை குத்திய பொய்த் தாளும் வெளியில் வரும். தாய் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் குனிந்து பைப் பூட்டைச் சரிபார்த்தேன். டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பணியில் அவசரம் என்றால் நீங்கள் நினைப்பது, முகூர்த்தத்துக்கு முதல்நாள் சட்டை கிழிவதையும் மெஷின் பழுதாவதையும்தான். அதெல்லாம் ஒன்றுமில்லை. அந்த ஒரு நிமிடம்தான் என் நாற்பது வருடத்தில் வந்த உண்மையான அவசரம். அதில் நான் தோற்றேன்.

மறுநாள் விடிய தாய் போனில் அழுதாள். "பிள்ளை ஆரையும் மட்டுக்கட்டேல்லை அக்கா, என்னையே ஆரெண்டு கேக்குது. எழும்பி நிக்கவும் ஏலாமல் கிடக்குது." கடையைப் பூட்டிவிட்டு ஓட்டோவில் ஓடினேன். டொக்டரை வழியில் மறித்துக் கொப்பியைத் திறந்து கொடுத்தேன். ஆடி, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை என்று ஒவ்வொரு வரியாக விரலால் காட்டிச் சொன்னேன். என்ன சாப்பிட்டாள், எவ்வளவு நாள் சாப்பிடவில்லை, எல்லாம் சொன்னேன். அவர் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நேர்சைக் கூப்பிட்டு உடனே ஏதோ ஊசி போடச் சொன்னார்.

பின்னேரம் என்னைக் கூப்பிட்டு இருத்தி விளங்கப்படுத்தினார். நீண்ட பட்டினி கிடந்து சத்தியும் எடுத்தவர்களுக்கு உடம்பில் ஒரு விற்றமின் வற்றிப்போயிருக்குமாம். அதை முதலில் கொடுக்காமல் சீனிச்சத்துள்ள சேலைன் ஏற்றினால் மூளை பழுதாகுமாம். பிள்ளைக்கு இரண்டு தலை தெரிந்ததும் அதனால்தானாம். பட்டினி என்று தெரிந்தால் அந்த ஊசியைத்தான் முதலில் போடுவார்களாம்.

"நான் கேட்ட நேரம் சொல்லியிருந்தாலும் கன விஷயம் மிச்சம் பிடிச்சிருக்கலாம் அம்மா" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

வெளியில் மாப்பிள்ளையின் தமக்கை நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

"பெரிய அளவு அனுப்பியிருந்தால் பெரிய சட்டை தைப்பிச்சிருப்பன். அவவை மெலியச் சொல்லி எங்கடை வீட்டிலை ஆர் கேட்டது? என்ரை தம்பிக்கு அவவின்ரை அந்தச் சிரிச்ச முகம்தான் பிடிச்சது."

 

சுபா உயிர் தப்பினாள். மாப்பிள்ளை ஒன்றரை மாதம் நின்றான், தினமும் வந்து பக்கத்தில் இருந்தான். அவள் அவனிடம் ஒவ்வொரு நாளும் எப்போது வந்தீர்கள் என்று கேட்டாள். அவன் கடைசியில் போனான். அவனைப் பழி சொல்ல எனக்கு வாய் இல்லை. அவள் இப்போது பிடித்துப் பிடித்து நடப்பாள். சின்ன வயதுக் கதைகள் எல்லாம் ஞாபகம் இருக்கிறது, வங்கிக் கணக்கு முறைகூட ஞாபகம் இருக்கிறது. புதிதாக ஒன்றும் தங்குவதில்லை. காலையில் நடந்தது மத்தியானம் இருக்காது.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். தாளில் எழுதினால் உண்மை அளவை எழுதுங்கள், இல்லையென்றால் எழுதாதீர்கள். இரண்டு முறை தொடர்ந்து ஒரு உடம்பு வேகமாக இறங்கினால் ரேப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். பாராட்டாதீர்கள். விரதம் என்று சொன்னால் அதற்குப் பிறகும் கேளுங்கள், நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவர்களாக இருந்தாலும் கேளுங்கள். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார்கள். போகட்டும். உடுப்பைக் கழற்றி நிற்கிற உடம்பைப் பார்க்கிறவர்கள் டொக்டருக்கு அடுத்ததாக நாங்கள்தான். தாய்க்குத் தெரியாதது எங்கள் கைக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் விட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் ஒன்றுதான்.

கடையை உங்களிடம் தந்த பிறகு நான் தைப்பது சுபாவுக்கு மட்டும்தான். வீட்டில் போடுகிற சட்டைகள். நானே அவர்கள் வீட்டுக்குப் போய் அளவெடுப்பேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வரச் சொல்லித் தாய் கேட்பாள். அதற்குக் காரணம் இருக்கிறது. சோற்றுக் கோப்பையைக் கண்டதும் சுபா வாயை இறுக்கிக்கொள்வாள்.

"வேண்டாம் அம்மா. கலியாணத்துக்கு இன்னும் மூண்டு கிழமைதானே கிடக்கு."

முதலில் தாய் உண்மையைச் சொல்லிப் பார்த்தாளாம். கலியாணம் குழம்பிவிட்டது என்று கேட்டு அந்தப் பிள்ளை புதிதாகக் கேட்டது போலக் குழறி அழுததாம். அழுதுவிட்டு மறந்தது. இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பவும் சொல்லவேண்டி வந்தது, திரும்பவும் அழுதது. அதனால் இப்போது தாய் வேறு மாதிரிச் சொல்லுகிறாள்.

"கலியாணம் முடிஞ்சுது பிள்ளை. நல்லா நடந்தது. இனிச் சாப்பிடலாம்."

 சுபா என் பக்கம் திரும்பிக் கேட்பாள்.

"சட்டை அளவா இருந்ததோ அன்ரி?"

தாய் சோற்றைக் குழைத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள்.

"ஓம் பிள்ளை. அளவாத்தான் இருந்தது."

இதைக் கேட்ட பிறகுதான் அவள் வாயைத் திறப்பாள்.